பழுது யாருடையது? கணினி இற்றைப்படுத்தலும் பொறுப்புத் துறத்தலும்

இயந்திரம் பழுதுபட்டால் அதனை இயக்கியவரையே முதலில் விசாரிப்பது ஆலைத்தொழில் தோன்றிய காலந்தொட்டு நிலவிவரும் வழக்கமாகும். தறி நின்றால் நெசவாளி கவனமற்றவர். அச்சியந்திரம் நின்றால் அதனை ஓட்டியவர் திறமையற்றவர். இன்று மடிக்கணினி நின்றால் அதன்முன் அமர்ந்திருப்பவர் ‘கணினி தெரியாதவர்’. முதல்நாள் மாலை ஒழுங்காக இயங்கிய கணினி, இரவிலே தானாக ஓர் இற்றைப்படுத்தலை ஏற்றுக்கொண்டு, மறுநாட் காலை நீலத்திரையைக் காட்டி நிற்கின்றது. மீண்டும் தொடக்கினால் சிறிதுநேரம் இயங்கி மறுபடியும் வீழ்கின்றது. அலுவலகத்திலே அப்போது எழும் முதற்கேள்வி, ‘நீங்கள் எதை அழுத்தினீர்கள்?’ என்பதாகும். ‘நேற்றிரவு இக்கணினிக்குள் எது புகுந்தது? அதனை அனுப்பியவர் யார்?’ என்று எவரும் கேட்பதில்லை.

கேட்கப்படாத அக்கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். இற்றைப்படுத்தலின் பின்னர் அடுத்தடுத்து நிகழும் கணினி வீழ்ச்சியைப் பயனரின் அறியாமையாகவோ தற்செயலான விபத்தாகவோ சித்திரிப்பது உண்மைக்கு மாறானது. மாற்றத்தைத் திணிக்கும் அதிகாரம் ஓரிடத்திலும், அம்மாற்றத்தின் விளைவைச் சுமக்கும் கடமை வேறோரிடத்திலும் இருக்குமாறு செய்யப்பட்டுள்ள ஓர் ஏற்பாட்டின் இயல்பான விளைவே அது. கலைப்பீட மாணவருக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கணினியின் உட்பாகங்களைத் திருத்துவதற்குப் பொறியியலாளர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பைப் பற்றிப் பேசுவதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை.

நீலத்திரையின் இலக்கணம்

முதலில் அத்திரை பேசும் மொழியை நோக்குவோம். 2012இல் வெளிவந்த வின்டோஸ் 8 தொடக்கம் பல ஆண்டுகளாக, வருந்தும் முகக்குறி ஒன்றுடன் தோன்றிய அவ்வறிவித்தலின் சாரம் இதுவாகும்: உங்கள் கணினி ஒரு சிக்கலை எதிர்கொண்டது, அது மீண்டும் தொடங்கவேண்டியுள்ளது. இவ்வாக்கியத்தின் எழுவாய் ‘உங்கள் கணினி’. சிக்கலை எதிர்கொண்டது அதுவே. மீண்டும் தொடங்கவேண்டியதும் அதுவே. அச்சிக்கலை உண்டாக்கியது யாது என்பதற்கு வாக்கியத்தில் இடமேயில்லை. ‘உங்கள்’ என்ற ஒரு சொல்லினால் உடைமையும் பழியும் ஒருங்கே பயனரின் தலையிற் சுமத்தப்படுகின்றன. அக்கணினியை நள்ளிரவில் உரியவரைக் கேளாமலே திறந்து மாற்றியபோது அது யாருடையதாக இருந்தது? மாற்றும்வரை அது கம்பனியின் உரிமை. பழுதுபட்டபின் அது உங்கள் கணினி. 2025இல் வின்டோஸ் 11இலே இத்திரையின் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது, முகக்குறியும் நீக்கப்பட்டது. எழுவாய் மட்டும் மாறவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பயனர் இம்மொழியையே தமது மொழியாக ஏற்றுக்கொண்டுவிடுகின்றார். ‘எனது கணினி பழுது’ என்கின்றார். ‘எனது கணினி பழுதாக்கப்பட்டது’ என்று கூற அவருக்குத் தோன்றுவதில்லை. பழியை ஏற்றுக்கொண்டவர் நியாயம் கேட்பதில்லை. உதவியை மாத்திரமே இரந்து நிற்பார்.

பழுதறிதலும் அதற்குரிய நிபந்தனைகளும்

பழுதறிதல் ஒரு முறையியலாகும். பழுது தோன்றுவதற்குச் சற்று முன்னர் மாறியது எது என்று அறிதல் அதன் முதற்படி. அம்மாற்றத்தை ஏனையவற்றிலிருந்து பிரித்தெடுத்தல் இரண்டாவது படி. அதனை நீக்கி முன்னைய நிலைக்கு மீண்டு, பழுதும் நீங்குகின்றதா என்று பார்த்தல் மூன்றாவது படி. மோட்டார் திருத்துபவரும் வைத்தியரும் இவ்வழியிலேயே செல்கின்றனர். ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், எப்பிரதியில் எவ்விடத்தில் பாடம் திரிந்தது என்று தேடியதும் ஏறத்தாழ இம்முறைப்படியே எனலாம். மூல ஏடுகளை ஒளித்துவைத்துவிட்டுப் பிழையைத் திருத்துமாறு பதிப்பாசிரியரைப் பணித்தால் அவர் என்ன செய்வார்?

கணினியின் அமைப்பைச் சற்று விளக்குவது இங்கு அவசியமாகின்றது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் எழுத்துச் செயலி, இணைய உலாவி முதலியன தமக்கென வகுக்கப்பட்ட எல்லைக்குள் இயங்குவன. அவற்றுள் ஒன்று வீழ்ந்தால் அது மட்டுமே வீழும். ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதியும், திரை, வலையமைப்பு ஆகியவற்றை இயக்கும் இயக்கி நிரல்கள் பலவும் எல்லையற்ற அதிகாரத்துடன் இயங்குவன. அங்கு ஒரு பிழை நேர்ந்தால், தரவுகள் மேலும் சிதையாதிருக்கும்பொருட்டு இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்நிறுத்தமே நீலத்திரை. இற்றைப்படுத்தல் கருப்பகுதியை மாற்றிவிட, வேறொரு கம்பனி எழுதிய இயக்கி நிரல் பழையபடியே இருக்குமாயின், இரண்டும் முரண்பட்டு மோதுகின்றன. எனவேதான் நேற்றுவரை எவ்விதத் தவறுமின்றி இயங்கிய கணினி இன்று வீழ்கின்றது.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. திரையிற் காணப்படும் நிறுத்தக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும் கணினி எழுதிவைக்கும் சிறு பதிவுக்கோப்பை ஆராய்ந்து, எந்த இயக்கியின் பெயர் அதிற் காணப்படுகின்றது என்று அறியலாம். பாதுகாப்புப் பயன்முறையில் தொடக்கி அவ்வியக்கியை முன்னைய பதிப்புக்கு மாற்றலாம். மீட்புச் சூழலுக்குள் சென்று இறுதியாக நிறுவப்பட்ட இற்றையை நீக்கலாம். ஆயின் மேற்கூறிய மூன்று படிகளையும் இன்றைய ஏற்பாடு எவ்வாறு அடைத்துவைக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மாறியது எது என்று பயனருக்கு அறிவிக்கப்படுவதில்லை. ஓர் இலக்கமும் பொதுப்படையான ஒரு வரியுமே அவருக்குக் காட்டப்படுகின்றன. பிரித்தெடுத்தலும் இயலாது. 2015இல் வின்டோஸ் 10 வெளிவந்தது முதல் மாதாந்த இற்றைகள் யாவும் திரண்ட பொதிகளாகவே வருகின்றன. அச்சுப்பொறியை வீழ்த்தும் ஒரு மாற்றத்தை மறுக்க விரும்புபவர், திருடருக்கு எதிரான பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே மறுக்கவேண்டும். கல் கலந்த அரிசியை மூடையோடு ஏற்றுக்கொள் அல்லது பட்டினி கிட என்பது போன்றது இது. மீளுதலுக்கோ காலவரையறை உண்டு. பெரும் பதிப்பு மாற்றத்திலிருந்து பின்வாங்குவதற்கு வழமையாக 10 நாட்களே தரப்படுகின்றன. வீட்டுப் பதிப்பைப் பயன்படுத்துவோர் இற்றையைச் சில வாரங்களுக்கேனும் ஒத்திவைக்கும் உரிமையைப் பெறுவதற்கு 2019வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுவலக மடிக்கணினியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசமானது. அங்கே எதையும் நீக்கும் அதிகாரம் பயனருக்குக் கிடையாது. அது நிருவாகியிடம் இருக்கின்றது. நிருவாகியும் கம்பனி அனுப்பும் பொதியை ஒத்திவைக்கவோ முழுதாக மறுக்கவோ முடியுமேயன்றி, அதிற் பழுதானதை மட்டும் பிரித்து மறுக்க இயலாது. இவ்வாறு அறியும் வழியையும் மீளும் வழியையும் அடைத்துவிட்டு, ‘பழுதைக் கண்டுபிடி’ என்று பயனரைப் பணிப்பது பரிகாசமன்றி வேறென்ன?

மூன்று சான்றுகள்

நாம் கூறுவது மிகையென்று கருதுவோருக்காக, அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்றை முன்வைப்போம்.

2018 ஒக்டோபர் 2ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியிட்ட வின்டோஸ் 10இன் புதிய பதிப்பு, சிலருடைய கணினிகளில் அவர்களின் சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களுள் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13ஆம் திகதியே அது மீண்டும் வெளிவந்தது. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், வெளியீட்டுக்கு முன்னரே இக்குறைபாட்டை முன்னோட்டப் பயனர் சிலர் கம்பனியின் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தனர் என்பதாகும். அவர்கள் சம்பளம் பெறும் பரிசோதகர்கள் அல்லர். 2014இல் தொடங்கப்பட்ட ‘இன்சைடர்’ திட்டத்திற் சேர்ந்து ஊதியமின்றிச் சோதித்துக் கொடுக்கும் தொண்டர்கள். அதே 2014இல்தான் 18,000 வரையிலான பணியிடங்களை ஒழிக்கப்போவதாக அக்கம்பனி அறிவித்தது. அவற்றுட் பெரும்பகுதி நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவைச் சேர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் மென்பொருட் பரிசோதகரும் அவ்வலையிலே அகப்பட்டனர். சம்பளத்துக்குச் செய்யப்பட்ட வேலை பயனரின் தோளுக்கு இவ்வாறு இடம்பெயர்ந்தது. பயனர் அவ்வேலையை ஒழுங்காகச் செய்தபோதும் அவரது குரல் கேட்கப்படவில்லை.

இரண்டாவது சான்று அலுவலகத்தோடு நேரடித் தொடர்புடையது. 2021 மார்ச் 9ஆம் திகதி வெளியான மாதாந்த இற்றையை ஏற்றுக்கொண்ட கணினிகள் பல, சிலவகை அச்சுப்பொறிகளுக்கு ஓர் ஆவணத்தை அனுப்பிய கணத்திலேயே நீலத்திரை காட்டி வீழ்ந்தன. கடிதமொன்றை அச்சிட முற்பட்ட இலிகிதர் யாரைச் சந்தேகிப்பார்? அச்சுப்பொறியை, அதன் வடத்தை, மையை, ஆவணத்தை, ஈற்றில் தம்மையே சந்தேகிப்பார். 15ஆம் திகதி அவசரத் திருத்தமொன்று வந்தது. அதன் பின்னரும் சில ஆவணங்கள் படங்களின்றியும் வெறுமையாகவும் அச்சாகவே, 18ஆம் திகதி மற்றுமொரு திருத்தம் வந்தது. திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிடவேண்டி நேர்ந்த அந்த 9 நாட்களில் உலகெங்கும் எத்தனை பேர் தம் கருவிகளைக் கழற்றிப் பூட்டியிருப்பர்! அவ்வுழைப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

மூன்றாவது சான்று யாவரும் அறிந்தது. 2024 யூலை 19, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி முற்பகல் 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பனி தனது மென்பொருளுக்கான ஒரு சிறு உள்ளடக்கக் கோப்பை வின்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. அம்மென்பொருளின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்க்குமாறு வரையறுக்கப்பட்டிருந்தது. உண்மையில் வழங்கப்பட்டவையோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி நிரல் தனது எல்லைக்கு அப்பால் வாசிக்க முற்பட்டது. அது கருப்பகுதியின் அதிகாரத்துடன் இயங்கிய நிரலாதலின் கணினி முழுவதும் வீழ்ந்தது; மீண்டும் தொடங்கும்போதெல்லாம் அதே கோப்பை வாசித்து அவ்வாறே வீழ்ந்தது. 78 நிமிடங்களுள் அக்கோப்பு மீளப்பெறப்பட்டபோதிலும், மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் அதற்குள் பாதிக்கப்பட்டுவிட்டன. விமானநிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் தடுமாறின. டெல்டா விமானசேவை மாத்திரம் அடுத்துவந்த நாட்களில் ஏறத்தாழ 7,000 பயணங்களை இரத்துச் செய்தது.

அனுப்பியது ஒரு நொடி வேலை, நீக்கியதோ கைவேலை. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் அமர்ந்து, பாதுகாப்புப் பயன்முறையில் அதனைத் தொடக்கி, அக்கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. வட்டு பிட்லொக்கரினாற் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலை முதலில் தட்டச்சுச் செய்யவேண்டும். மேகக்கணினிச் சேவையிலுள்ள கணினிகள் சில, 15 தடவைகள்வரை மறுதொடக்கம் செய்தபின் மீண்டதாக மைக்ரோசொப்ட்டே அறிவித்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் பொறியியல் ஈற்றில் தந்த மருந்து, அணைத்து அணைத்து ஏற்றுவதாக முடிந்தது! இவ்வாறு இரவுபகலாக உழைத்த தன் பங்காளர்களுக்கு அக்கம்பனி நன்றிக்கடனாக அனுப்பியது 10 டொலர் பெறுமதியான உணவுப் பற்றுச்சீட்டு.

இந்நிகழ்ச்சியில் நம் வாதத்துக்கு மிக வேண்டிய செய்தியொன்று உண்டு. அக்கம்பனியின் வாடிக்கையாளர் பலர் எச்சரிக்கையானவர்கள். புதிய பதிப்பை உடனே ஏற்காது ஒரு பதிப்புப் பின்தங்கியே இருப்பது என்ற ஏற்பாட்டை அவர்கள் தெரிவுசெய்திருந்தனர். ஆனால் அவ்வேற்பாடு மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே செல்லும். அன்று அனுப்பப்பட்ட வகையான உள்ளடக்கக் கோப்புக்குச் செல்லாது. எனவே அவதானமாயிருந்தவரும் அவதானமற்றவரும் ஒரே கணத்தில் வீழ்ந்தனர். மறுக்கும் உரிமை அவர்களிடம் இருந்ததாகத் தோன்றியது, உண்மையில் இருக்கவில்லை. நிலைக்கு நிலை படிப்படியாக அனுப்புதல், வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு வழங்குதல் ஆகியவற்றை அக்கம்பனி வாக்களித்தது பேரழிவின் பின்னரே. அதுவரை செய்யப்படாதிருந்தவை சில வாரங்களிலே செய்யக்கூடியவை ஆயின.

பழுதின் விலையைக் கொடுப்போர்

மென்பொருள் உரிம உடன்படிக்கைகளை நாம் வாசிப்பதில்லை. ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவதோடு சரி. வின்டோஸ் 10இன் உடன்படிக்கையை வாசிப்போர், இனிமேல் அறிவித்தல் எதுவுமின்றியே தானியங்கி இற்றைகளை ஏற்பதற்குத் தாம் முன்கூட்டியே உடன்பட்டிருப்பதையும், நட்டம் நேர்ந்தால் கோரக்கூடிய ஈட்டுத்தொகைக்கு மிகச் சிறியதோர் எல்லை போடப்பட்டிருப்பதையும் காண்பர். அதிகாரத்துக்கு எல்லையில்லை, பொறுப்புக்கு எல்லையுண்டு. ஓரங்கச் சட்டம் என்பது இதுதான்.

இவ்விலை எல்லோர்மீதும் சமமாக விழுவதுமில்லை. பெரிய கம்பனியிடம் மாற்றுக் கணினி உண்டு. திருத்துவதற்கென ஆட்படையும் உண்டு. நம் நாட்டு மாணவரிடம் இருப்பது கடன்பட்டு வாங்கிய ஒரே மடிக்கணினி. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களிலே 360 ரூபாவளவுக்கு ஏறியபோது, பழுதுபட்ட கணினிக்குப் பதிலாக வேறொன்றை வாங்குவதென்பது பல குடும்பங்களுக்குக் கனவாயிற்று. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியது. இற்றைப்படுத்தல் பாதிவழியில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் இயங்குதளமே சிதையக்கூடும் என்பதைக் கணினி அறிந்தோர் அறிவர். ஆயினும் ‘கணினியை அணைக்கவேண்டாம்’ என்று கட்டளையிடும் அத்திரை, மின்வெட்டு அட்டவணையைக் கேட்டுக்கொண்டா வருகின்றது? தடையற்ற மின்சாரமும் அளவற்ற இணையத் தரவும் உள்ள ஓர் உலகத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட முறை, தரவுப் பொதியை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவர்மீது அப்படியே சுமத்தப்படுகின்றது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் கணினி வீழ்ந்தால், ‘முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருக்கலாமே’ என்ற அறிவுரைதான் கிடைக்கும். அறிவுரை சரியானதே. ஆனால் வீட்டுக்குத் தீ வைத்தவர் வந்து, தண்ணீர் எடுத்து வைத்திருக்கலாமே என்று கூறுவதை நாம் அறிவுரையென்று கொள்வதில்லை.

எதிர்வாதங்கள் சில

இவ்விடத்து எழக்கூடிய மறுப்புரைகளை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும்.

இற்றைப்படுத்தலே பாதுகாப்பு, அதனைக் குறைகூறுவது பயனரைத் திருடரிடம் ஒப்படைப்பதாகும் என்பது முதலாவது. இதற்கு 2017இன் வனாக்ரை நச்சுநிரலைச் சான்று காட்டுவர். அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதியே உரிய திருத்தம் வெளியாகியிருந்தது. மே 12ஆம் திகதி அந்நச்சுநிரல் பரவியபோது திருத்தத்தை ஏற்காத கணினிகள் பாதிப்புற்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை நிறுவனங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடர்ப்பட்டது. இச்சான்றை நாம் முற்றாக ஏற்கின்றோம். இற்றைகளை ஏற்காதீர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் இரண்டு மாதங்களாகத் திருத்தத்தை ஒத்திவைக்குமளவுக்கு மனிதர் ஏன் அஞ்சுகின்றனர்? முன்னர் ஏற்ற இற்றை ஒன்று தம் வேலையைக் குலைத்த அனுபவமே அவ்வச்சத்தின் ஊற்று. வைத்தியத்தை நம்பாத ஊரிலே தடுப்பூசி பயன்படாது. ஆகவே பழுதான இற்றையை அனுப்புபவரும் கணினிப் பாதுகாப்புக்குப் பகைவரே. நம்பிக்கையை அழிப்பதில் அவருடைய பங்கு பெரிது.

உலகிலுள்ள கணினி வகைகள் எண்ணற்றவை, அவை அனைத்திலும் சோதித்துப் பார்த்தல் இயலாது என்பது இரண்டாவது. உண்மையே. எல்லாவற்றையும் முன்னரே சோதிக்க இயலாதென்றால், தவறு நேரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, பின்வாங்கும் பாதையை அமைத்துவைப்பதல்லவா முறை? குரோம்புக் கணினிகளில் இயங்குதளத்தின் இரு பிரதிகள் வைக்கப்படுகின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் பிரதியைத் தொடாது மற்றையதிலேயே இற்றை எழுதப்படுகின்றது. அது தொடங்கத் தவறினால் கணினி பழைய பிரதிக்குத் தானாகவே மீள்கின்றது. 2016இல் வெளியான அன்ட்ரொயிட் 7 முதல் கைத்தொலைபேசிகளுக்கும் இம்முறை கிடைத்தது. வின்டோசிலும், தொடங்கவே இயலாத நிலை ஏற்பட்டால் அண்மைய இற்றையை நீக்கிப் பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. ஆயின் தொடங்கியபின் இடையிடையே வீழ்ந்து உயிர்வாங்கும் கணினிக்கு அது கைகொடுப்பதில்லை. ஆகவே வழி இல்லை என்பது சரியன்று. வழியைச் செப்பனிடுவதற்கு வேண்டிய நிர்ப்பந்தம் இன்னும் எழவில்லை என்பதே சரி.

பாதிக்கப்பட்டோர் மிகச் சிறு வீதத்தினரே என்பது மூன்றாவது. 2018இல் கோப்புகள் அழிந்தபோது, அத்தகைய முறைப்பாடுகள் நிறுவப்பட்ட கணினிகளில் 0.01 வீதமே என்று மைக்ரோசொப்ட் கூறியது. 2024இல் வீழ்ந்த 85 இலட்சமும் வின்டோஸ் கணினிகளில் ஒரு வீதத்துக்கும் குறைவே எனக் கூறப்பட்டது. கணக்கு சரியாயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வீதத்துள்ளே வைத்தியசாலை இருந்தது, விமானநிலையம் இருந்தது. தன் கோப்புகளை இழந்தவர் அவற்றில் 0.01 வீதத்தை இழக்கவில்லை, முழுவதையுமே இழந்தார். மனிதரை வீதமாக்கிவிட்டால் துயரம் தசமப்புள்ளிக்குப் பின்னாலே மறைந்துவிடுகின்றது.

நாம் கோரவேண்டியவை

கண்டனத்தோடு நின்றுவிடுதல் நம் நோக்கமன்று. பாதுகாப்புத் திருத்தங்கள், புதிய வசதிகளினின்றும் தோற்ற மாற்றங்களினின்றும் பிரித்தே வழங்கப்படல் வேண்டும். முன்னையதை ஏற்றுப் பின்னையதை மறுக்கும் உரிமை ஒவ்வொரு பயனருக்கும் உண்டு. எந்த மாற்றமும் முதலிற் சிறு தொகையினருக்குச் சென்று, விளைவு அறியப்பட்ட பின்னரே ஏனையோரைச் சேரவேண்டும். கருப்பகுதியைத் தொடும் எதற்கும் இதில் விதிவிலக்கு இருத்தலாகாது. முன்னைய நிலைக்கு மீளும் வழி காலவரையறையின்றித் திறந்திருக்க வேண்டும். மாறியது எது, அறியப்பட்ட குறைபாடு எது என்பன பயனருக்கு விளங்கும் மொழியிலே, தமிழிலும் சிங்களத்திலும், இற்றைக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். கவனயீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்கும் சட்டமும் அவசியம். பழுதான மருந்தையும் பழுதான வாகனத்தையும் விற்றவர் பொறுப்புக்கூற வேண்டுமெனில், பழுதான நிரலை வீடு தேடி வந்து புகுத்தியவர் மட்டும் எவ்வாறு தப்பலாம்?

இக்கோரிக்கைகள் நிறைவேறும்வரை நாம் கைகட்டியிருத்தலும் தகாது. நம் பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் உடனடியாகச் செய்யத்தக்கவை பல. மாதாந்த இற்றையை முதலில் ஓரிரு கணினிகளில் ஏற்று, அச்சிடல், வலையமைப்பு, திரை ஆகியவற்றைச் சோதித்துச் சில நாட்களின் பின்னர் ஏனையவற்றுக்கு வழங்கலாம். பரீட்சைக் காலத்திலும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்திலும் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர்ந்த மாற்றங்களை ஒத்திவைக்கலாம். பிட்லொக்கரின் மீட்புத் திறவுகோலைக் கடதாசியில் எழுதி வேறிடத்தில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கணினி கூடத்திலும் ஒரு பதிவேட்டைப் பேணலாம். எந்நாளில் எந்த இலக்க இற்றை வந்தது, எந்நாளில் வீழ்ச்சி தொடங்கியது, திரையில் தோன்றிய குறியீடு யாது என்பவற்றை அதில் எழுதுதல் வேண்டும். ஒரு கணினியின் பழுது தனிமனிதரின் துரதிர்ஷ்டமாகத் தோன்றும். இருபது கணினிகளின் பழுது ஒரே நாளில் தொடங்கியதை அப்பதிவேடு காட்டுமாயின் அது சான்றாகின்றது. சான்று கையிலிருப்பவரை ‘கணினி தெரியாதவர்’ என்று அடக்கிவிட முடியாது.

இவற்றையெல்லாம் தொழில்நுட்பவியலாளரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குவோர் நம்மிடையே பலர். ஆனால் அத்தொழில்நுட்பவியலாளரும் நம்மைப்போலவே இவ்வேற்பாட்டில் அகப்பட்டவர். தாம் செய்யாத பழுதுக்காகத் தினந்தோறும் ஏச்சு வாங்குபவர். அவரோடு பகைப்பதில் பயனில்லை. அவரோடு சேர்ந்தே கேள்வி எழுப்பவேண்டும். நம் உழைப்பும் எழுத்தும் நினைவும் இன்று இக்கருவிகளுக்குள்ளேயே தங்கியுள்ளன. அக்கருவியின் உட்புறத்தை நாம் அறியாதவாறு மாற்றும் அதிகாரம் எவர்க்கும் நிபந்தனையின்றி உரியதாகாது. அடுத்தமுறை கணினி வீழும்போது, எதை அழுத்தினீர்கள் என்று வினவுவோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: இக்கணினியை இறுதியாக மாற்றியவர் யார், அவர் எங்கே?